அடுத்தவங்க வாசல், நம்ம நாய்

கோயம்புத்தூர்ல பழைய குடியிருப்புத் தெரு எதுல நடந்தாலும், ஏதாவது ஒரு கேட்டுல நீலக் கலர் தண்ணி பாட்டில் தொங்கறதைப் பாக்கலாம். தண்ணியில ரெண்டு சொட்டு நீலம் விட்டு, மூடியை இறுக்கி, கம்பியில கட்டி வெச்சிருப்பாங்க. சில வீட்ல மதில் ஓரமா வரிசையா நிறுத்தியே வெச்சிருப்பாங்க. நாய் வந்து கேட்டை நனைக்கக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. ஜப்பான்ல பூனை வராம இருக்க வீட்டு வாசல்ல தண்ணி பாட்டில் வெக்கற பழக்கம் இருக்கு. நம்பிக்கை நம்ம ஊரோட நிக்கல.

நாய் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நல்லாவே தெரியும். சிவப்பையும் பச்சையையும்தான் பிரிச்சுப் பாக்க முடியாது. ஆனா கால் தூக்கற விஷயத்துல கண்ணுக்கு வேலை கம்மி, எல்லாத்தையும் முடிவு பண்றது மூக்குதான். அந்த பாட்டிலைப் பாத்து ஒரு நாய் ஒதுங்கிப் போனதை நான் பாத்ததே இல்ல. எங்க நாய் கருப்பன் அந்த பாட்டில் பக்கத்துல போய் நிதானமா மோந்து, பின்னங்கால்ல எடையை மாத்துவான். இருந்தாலும் பாட்டில் தொங்கற வாசலைப் பாத்தா நான் எதிர்ப்பக்கம் மாறிடுவேன். அந்த வீட்டுக்காரங்க தினமும் கழுவிக் கழுவிச் சலிச்சுப் போயிருக்காங்கன்னு அதுலயே தெரியுதுல்ல.

நடக்கக் கூட்டிட்டுப் போற நாயை எங்க ஒண்ணுக்கு விடறது, எங்க கால் தூக்க விடக் கூடாது, ரெண்டுக்குப் போனா நாம என்ன செய்யணும், இதைப் பத்திதான் இந்தப் பதிவு. ரொம்பச் சின்ன விஷயம்னு தோணலாம். நாய் வளக்கற வீட்டுக்கும் வளக்காத வீட்டுக்கும் ஒரு தெருவுல வர்ற சண்டையில பெரும்பாலானது இங்கதான் ஆரம்பிக்குது. அதுல கடைசியா அடி வாங்கறது யாருன்னு பாத்தா, எந்தத் தப்பும் பண்ணாத தெருநாய்.

நம்ம பக்கத்துல இதுக்கு ஒரு பின்கதை இருக்கு. கொங்கு நாட்டுல நாய் வளக்கறதுன்னா ரொம்ப நாளா தோட்டத்துல வளக்கறதுதான். சாளைக்குக் காவல், கட்டுத்தறிக்குக் காவல், ராத்திரி வேலியோரம் ஒரு சுத்து. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துல ஆட்டுப்பட்டி போட்டா, பட்டிக்கு ஒரு நாயாவது இருக்கும். அந்த நாய் முள்ளுக்கிளுவை வேலி நெடுக கால் தூக்கிட்டே போகும். யாரும் கேக்கப் போறதில்ல. ரெண்டுக்கு வந்தா காட்டுக்குள்ள போயிட்டு வரும், வெயில் மிச்சத்தைப் பாத்துக்கும். அப்படி வளந்த குடும்பங்க தோட்டத்தை விட்டு வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் சைட் வாங்கி வீடு கட்டி வந்துட்டோம். நாயும் கூடவே வந்துடுச்சு. பழக்கமும் வந்துடுச்சு.

அந்தப் பழக்கம் இதுதான்: விடியால அஞ்சரைக்கும் ராத்திரி பத்துக்கும் கேட்டைத் திறந்து விடறது. "அவுத்து விட்டா அதே போயிட்டு வந்துருமுங்க." எவ்வளவோ வீட்ல இதை நான் கேட்டிருக்கேன். நல்ல மனுஷங்க, நாய் மேல உசுரா இருக்கறவங்க சொல்றதுதான். ஆனா அவுத்து விட்ட நாய் தன் வாசல்ல போகாது. தான் படுக்கற, திங்கற இடத்தை நாய் அசிங்கப்படுத்தாது. நாலு வீடு தள்ளிப் போயிட்டு, வந்து கேட்டைப் பிறாண்டும். அந்த நாலாவது வீட்ல அப்பத்தான் ஒரு அம்மா வாசல் கூட்டித் தண்ணி தெளிச்சு, கோலப்பொடி டப்பாவை எடுத்துட்டு வந்து நிப்பாங்க.

எங்க தெரு மூலை வீட்டக்கா ஒரு நாள் என்கிட்டச் சொன்னதை இன்னும் நினைச்சுக்கறேன். "உங்க நாய் இல்லீங் தம்பி. நீங்க கையில புடிச்சுட்டுப் போறீங்க, நானே பாக்கறேன். இந்தத் தெருநாய்ங்கதான் தெனமும் வந்து வாசல்லயே போயிட்டுப் போகுது. கார்ப்பரேசனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் புடிச்சுட்டுப் போகச் சொல்லோணும்." அந்த வாசல்ல கிடந்தது தெருநாயோடது இல்லைன்னு எனக்குத் தெரியும். எங்க தெருவுல இருக்கற வெள்ளச்சியும் அதோட ரெண்டு குட்டியும் காலி சைட்டுக்குள்ள போயிட்டு வர்றதைத் தினமும் பாக்கறேன். "தெருநாய் இல்லீங்க்கா, வீட்டு நாய அவுத்து விடறாங்க"ன்னு சொன்னேன். யார் வீட்டு நாய்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா அந்தப் போன் போயிருந்தா வண்டியில ஏறப் போறது வெள்ளச்சிதான், கழுத்துல பெல்ட்டு போட்ட நாய் இல்ல.

2025 ஆகஸ்ட்ல டெல்லி தெருநாய்கள் பத்தி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதுல இருந்து, நம்ம ஊர் டீக்கடையில கூட நாய்ப் பேச்சு சூடாத்தான் இருக்கு. 11ஆம் தேதி எல்லா நாயையும் காப்பகத்துக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. 22ஆம் தேதி அதை மாத்தி, கருத்தடை பண்ணித் தடுப்பூசி போட்டதைப் புடிச்ச இடத்துலயே விடுங்க, வெறி பிடிச்சதையும் ரொம்ப மூர்க்கமானதையும் மட்டும் விடாதீங்கன்னாங்க. இந்த மாதிரி நேரத்துல ஒவ்வொரு வாசல்ல கிடக்கறதும் தெருநாய் கணக்குலதான் எழுதப்படுது. அதனாலதான் நாய் வளக்கற நம்ம மேல இந்தப் பொறுப்பு ரெட்டிப்பாகுதுன்னு நான் நினைக்கறேன்.

சரி, காரியத்துக்கு வருவோம்.

முதல்ல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும். வயிறு முட்டி ஒண்ணுக்குப் போறது வேற, அடையாளம் வெக்கறது வேற. முட்டிட்டு வந்த நாய் பெரிசா மோந்துட்டு நிக்காது. கிடைச்ச இடத்துல நின்னு நீளமா விடும், முடிஞ்சதும் உடம்பு தளரும். அடையாளம் வெக்கறப்ப முதல்ல மூக்கு வேலை செய்யும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மோந்து, நேரா நிக்கற ஏதாவது ஒண்ணு மேல, கம்பம், டயர், செடி, கேட் எதுவோ, காலைத் தூக்கி நாலு சொட்டு விடும். நாலடி தள்ளி மறுபடியும் அதே கதை. கடைசியில ஒண்ணுமே வராது, கால் மட்டும் தூக்கும். இதை ஆண் நாய்தான் பண்ணும்னு நினைக்காதீங்க, பொட்டையும் பண்ணும். சிலது உக்காந்தபடியே ஒரு காலை லேசாத் தூக்கிப் பண்ணும்.

இதைப் பத்திப் பொறுமையா ஆராய்ச்சி பண்ணவங்க இருக்காங்க. அமெரிக்காவுல மார்க் பெகோஃப்னு ஒரு விஞ்ஞானி, தன் நாய் ஜெத்ரோவை வெச்சு அஞ்சு குளிர்காலம் ஒரு சோதனை பண்ணினாரு. பனி மேல நாய்ங்க ஒண்ணுக்குப் போன இடத்தை அப்படியே கையுறை போட்டு அள்ளி, வேற இடத்துக்கு மாத்தி வெச்சாரு. ஜெத்ரோ தன்னோடதை மோந்துட்டுச் சீக்கிரம் நகர்ந்துடுச்சு. அடுத்த நாயோடதுலதான் நின்னு நிதானமா மோந்துச்சு. 2001ல அதை எழுதினாரு. கார்னெல் பல்கலைக்கழகத்துல பெட்டி மெக்குவயர் குழு 2018ல சொன்னது இன்னும் சுவாரஸ்யம்: குட்டையான ஆண் நாய்ங்க, உயரமான நாய்ங்களை விட காலை அதிகக் கோணத்துல தூக்குதுங்க. தான் இருக்கறதை விடப் பெரிய ஆள்னு காட்டத்தான் இருக்கும்னு அவங்க நினைக்கறாங்க. பக்கத்துத் தெரு பொமரேனியன் கம்பத்துல ஏறக்குறைய சாய்ஞ்சு விழற மாதிரி நின்னு தூக்கறப்பெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அப்ப, நாய்க்கு ஒவ்வொரு கம்பமும் ஊர் டீக்கடைப் பெஞ்சு மாதிரி. யார் வந்தாங்க, யாருக்கு உடம்பு சரியில்ல, யார் புதுசு, எல்லாம் அங்க தெரிஞ்சுக்கும், தானும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரும். அதை முழுசா நிறுத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். எந்த இடத்துல பேசலாம், எந்த இடத்துல கூடாதுன்னு நாம முடிவு பண்ணணும். அதுக்கு முன்னாடி முட்டிட்டு வந்ததை முதல்ல தீர்த்து வெக்கணும். இந்த வரிசையை மாத்திப் போட்டாத்தான் நடை முழுக்கக் கேட் கேட்டா நின்னு இழுபறி.

என் அனுபவத்துல வீட்டை விட்டுக் கிளம்பின முதல் பத்து நிமிஷத்துலயே எல்லாம் அமைஞ்சுடும். எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு காலி சைட்டு. பார்த்தீனியமும் ஆமணக்கும் மண்டிக் கிடக்கும், ஓரத்துல ஒரு வேம்பு. தினமும் நேரா அங்கதான். போற வழியில எங்கயும் நிக்கறதில்ல, பேசறதில்ல. அங்க போனதும் நான் ஒரே இடத்துல நின்னுக்குவேன். கயிறு எட்டற வட்டத்துக்குள்ள கருப்பன் சுத்தலாம், அதைத் தாண்ட முடியாது. "ஒண்ணுக்குப் போ"ன்னு ஒரே ஒரு தடவை மெதுவாச் சொல்லுவேன். அப்புறம் அமைதி. போனைப் பாக்கறது, பக்கத்து வீட்டுக்காரர்கிட்டப் பேசறது எதுவும் கிடையாது. அவனுக்குச் சலிப்பு வந்ததும் வேலையை முடிச்சுடுவான். முடிச்சுட்டு நிமிர்ற அந்த நொடியில "சமத்து"ன்னு கழுத்தைத் தடவி, சட்டைப் பையில இருக்கற வேக வெச்ச ஈரல் துண்டு ஒண்ணு. அதுக்கப்புறம்தான் நிஜமான நடை.

இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். நிறையப் பேர் நாய் ஒண்ணுக்குப் போனதும் வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்குத் திருப்பிடுவாங்க. நாய்க்கு அது ஒரு பாடம்: விட்டா நடை முடிஞ்சுடும். அப்புறம் அது அடக்கி வெச்சுக்கும், இன்னும் ரெண்டு தெரு சுத்த வெக்கும், கடைசியில வீட்டுக்குள்ள வந்து சோபா ஓரத்துல விடும். திட்டும் அதுக்குத்தான் விழும். முதல்ல வேலை, அப்புறம் ஊர் சுத்தல்னு வரிசையைப் புரிய வெச்சுட்டா, கேட்டைத் தாண்டினதும் அதுவே அந்த இடத்துக்கு நம்மளை இழுத்துட்டுப் போகும்.

ரெண்டுக்கு நேரம் பிடிக்கறது சோத்து நேரத்தை வெச்சுத்தான். வயித்துல சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும். பெரும்பாலான நாய்க்கு சாப்பிட்ட கால் மணியில இருந்து அரை மணிக்குள்ள வரும். நாள் முழுக்கத் தட்டுல சோறு கிடந்தா எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. காலையில ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம்னு வெச்சு, தின்னாத மிச்சத்தை எடுத்துடுங்க. நம்ம வீடுகள்ல நாய்க்குப் பால் ஊத்தறது அன்பு காட்டற வழி. ஆனா வளந்த நாய்ங்க பலதுக்குப் பால் செரிக்காது, இளகிப் போகும். இளகினதை வாசல்ல இருந்து அள்ளவும் முடியாது, கழுவினாலும் வாசம் போகாது. பாலை நிறுத்தினாலே பாதிப் பிரச்சனை தீர்ந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு சேதி. போறதுக்கு முன்னாடி நாய் ஏன் அப்படிச் சுத்துதுன்னு எல்லாருக்கும் ஒரு கேள்வி இருக்கும். செக், ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 37 இனத்தைச் சேர்ந்த 70 நாய்களை ரெண்டு வருஷம் கவனிச்சு, பூமியோட காந்தப்புலம் அமைதியா இருக்கறப்ப நாய்ங்க வடக்கு தெக்கா உடம்பை வெச்சுக்க விரும்புதுன்னு 2013ல எழுதினாங்க. அடுத்த வருஷம் அதுக்கு இக் நோபல் பரிசு குடுத்தாங்க. கருப்பனுக்கு அப்படி எதையும் நான் கண்டுபிடிக்கல. ஆனா அவன் சுத்தறப்ப அவசரப்படுத்தறதை மட்டும் விட்டுட்டேன்.

இனி நடையில கால் தூக்கறது. கண்ணு அதோட கால் மேல இருக்கக் கூடாது, மூக்கு மேல இருக்கணும். காலைத் தூக்கினப்புறம் வெடுக்குனு இழுத்தா பாதியில நிக்கும், நாய்க்கும் பயம், நம்ம சட்டையும் நனையும். அதுக்கு முன்னாடியே தகவல் வந்துடும். தலை தாழும். எட்டு குட்டையாகும். மூக்குல இருந்து சின்னச் சின்னதா காத்து விடற சத்தம் கேக்கும். வால் நுனி விறைக்கும். ஒரே புள்ளியில மூக்கு ரெண்டாவது தடவை போச்சுன்னா அடுத்தது கால்தான். அந்த ரெண்டாவது மோப்பத்துக்கு முன்னாடி "வா"ன்னு சொல்லி நடையை வேகமாக்கிடணும். நாய் நம்ம கூட வந்ததும் கயித்தைத் தளர்த்திடணும். இழுத்துட்டே போறது வேண்டாம். இழுக்க இழுக்க எதிர்ப்பக்கம் அது சாயும்.

கேட் வரிசை இருக்கற இடத்துல நாயை மதில் பக்கம் விடாம, நான் மதில் ஓரம், அவன் வெளிப்பக்கம்னு நடக்கறேன். வண்டி ஓட்டம் இருக்கற ரோட்டுல இது ஆபத்து, அங்க நாய்தான் உள்பக்கம் இருக்கணும், கயித்தைச் சுருக்கிக்கலாம். நீளமா இழுத்து விட்டுச் சுருட்டற கயிறு நம்ம தெருவுக்கு ஆகாது. டூவீலர் எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு தெரியாத ஊர்ல அஞ்சு ஆறு அடி சாதா லீஷ் போதும். இரும்புச் செயினும் வேண்டாம், கழுத்து தோலைத் தின்னுடும்.

நிறுத்தின கார், ஸ்கூட்டர் பத்திச் சொல்லியாகணும். நாய்க்கு டயர் மேல அவ்வளவு ஆசை வரக் காரணம் இருக்கு: ஊர் முழுக்க உருண்டு வந்த டயர்ல எத்தனையோ தெரு நாயோட வாசம் ஒட்டியிருக்கும். அந்த வண்டிக்காரருக்கோ காலையில ஆபீஸ் கிளம்பறப்ப அந்த ஈரமும் வாசமும்தான். வண்டி, கேட், கோலம், செடித்தொட்டி, பிள்ளையார் கோயில் மேடை, பூ விக்கறவங்க கூடை வெக்கற இடம், குழந்தைங்க விளையாடற மணல், இங்கெல்லாம் எங்க வீட்டு நாய் கால் தூக்காது. அதுல பேரம் கிடையாது. தப்பித் தவறிப் பட்டுடுச்சுன்னா கையில ஒரு அரை லிட்டர் தண்ணி பாட்டில் எப்பவும் இருக்கும், உடனே ஊத்தி விட்டுடலாம். செடி மேல பட்டாலும் அப்படித்தான். மூத்திரத்துல இருக்கற நைட்ரஜன் கெட்டியா விழுந்தா இலை கருகும், தண்ணி சேந்தா ஒண்ணும் ஆகாது.

மழைக்காலத்துல கம்பமே வேண்டாம். ஐப்பசி மழையில தெரு நனைஞ்சு கிடக்கறப்ப, இரும்பு விளக்குக் கம்பம், ஸ்டே கம்பி, பில்லர் பாக்ஸ் எதுல கசிவு இருக்கும்னு நமக்குத் தெரியாது. வெறுங்காலோட ஈரத் தரையில நிக்கற நாய்க்கு நமக்கு முன்னாடி ஷாக் அடிக்கும். கம்பத்துப் பக்கம் போனதும் நாய் திடீர்னு கத்திட்டு விலகினா, பாதத்துல முள்ளுன்னு நினைச்சுக் குனிஞ்சு தொடாதீங்க. காஞ்ச இடத்துக்குத் தள்ளிப் போய்ப் பாருங்க, மின்வாரியத்துக்குச் சொல்லுங்க. அதே மழையில எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கு. எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணியில இருந்து நாய்க்கும் நமக்கும் வரும். வந்த நாயோட மூத்திரத்துலயும் வெளிய போகும். வருஷத் தடுப்பூசியில அதுவும் சேர்ந்திருக்கான்னு டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க.

ஆடியில இன்னொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்க ஆரம்பிச்சா, பத்து வீடு தள்ளி இருக்கற வாசமெல்லாம் ஒண்ணா வந்து சேரும். நாய் மூக்கைத் தூக்கிட்டே நிக்கும், வேலையை மறந்துடும். அந்த நாள்கள்ல மதில் மறைவா இருக்கற இடமாப் பாத்து நிக்க வெச்சாப் போதும். சித்திரை வெயில்ல தாரு ரோட்டுல புறங்கையை வெச்சுப் பாருங்க. நமக்கு வெக்க முடியலன்னா அதோட பாதத்துக்கும் முடியாது. விடியால ஆறுக்குள்ள, இல்லாட்டி இருட்டினப்புறம்தான்.

எங்க மோக்கலாம்? தடுக்கற இடம் இவ்வளவு இருந்தா விடற இடமும் வேணும். ஷார்லட் டூராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ரெண்டு பேரும் 2019ல பண்ணின ஒரு சோதனையில, மூக்கால தேடற பயிற்சி பண்ணின நாய்ங்க, சும்மா கூடவே நடக்கப் பழக்கின நாய்ங்களை விட நம்பிக்கையான மனநிலைக்கு வந்ததாச் சொல்றாங்க. வாசனை பிடிக்க விடாம விறுவிறுன்னு ரெண்டு கிலோமீட்டர் இழுத்துட்டுப் போறதுல நாய்க்கு நடை கிடைச்சதா அர்த்தமில்ல. ரேஸ்கோர்ஸ் சுத்துப் பாதையில விடியால அந்த மாதிரி போறவங்களை நிறையப் பாக்கலாம். நாய் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு எஜமானரோட அடி எண்ணிக்கைக்காக ஓடும். என் வழக்கம் வேற. காலி சைட்டு, வாய்க்கால் ஓரம், புளியமரத்தடி, முள்வேலி இதெல்லாம் அவன் இஷ்டம். அங்க கயிறு தளர்வா இருக்கும், நான் அவன் பின்னாடி போவேன். ஒரு தும்பைச் செடியை அவன் எவ்வளவு நேரம் மோந்தாலும் காத்திருப்பேன். கட்டிப் போட்டே வளக்கற நாயை நியாயமான அளவுக்கு நடக்க விடாம இருக்கறது, 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவுப்படி குற்றம். பலருக்கு இது தெரியாது.

அடுத்த தெரு எல்லையில மட்டும் கவனம். தெருநாய்ங்களுக்கு எல்லை ரொம்ப முக்கியம், அந்த மூலையிலதான் அதுங்க அதிகமா அடையாளம் வெக்கும். அதுங்க பாத்துட்டு இருக்கறப்ப நம்ம நாய் போய் அது மேலயே கால் தூக்கினா சண்டைக்குக் கூப்பிட்டதாத்தான் எடுத்துக்கும். தூரத்துல இருந்தே அடையாளம் கண்டு, பக்கவாட்டா விலகி, நிக்காமப் போயிடணும். எங்க வழியில இருக்கற கூட்டம் இப்ப எங்களைப் பாத்தா எந்திரிக்கறதுகூட இல்ல.

கருத்தடை பத்திக் கேப்பீங்க. ஆண் நாய்க்குப் பண்ணினா கால் தூக்கறது ஒரேயடியா நிக்காது, குறையும். கலிபோர்னியாவுல 1997ல வந்த ஒரு ஆய்வுல, வீட்டுக்குள்ள அடையாளம் வெக்கறது, ஓடிப் போறது மாதிரிப் பழக்கங்க பத்துல ஆறு நாய்க்கு மேல பாதியா அதுக்கும் கீழயா குறைஞ்சுது. எந்த வயசுல பண்ணணும்னு உங்க டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணுங்க. ஒண்ணு மட்டும்: ஒழுங்கா இருந்த நாய் திடீர்னு அடிக்கடி போனா, முக்கினா, ரத்தம் கலந்தா, தண்ணி அளவுக்கு மீறிக் குடிச்சா, அது குணக்கேடு இல்ல, நோய். சிறுநீர்த் தொற்று, கல், சிறுநீரகம், சக்கரை எதுவாவும் இருக்கலாம். கருத்தடை பண்ணாத பொட்டை நாய் இப்படி இருந்தா கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கலாம், அன்னைக்கே பாத்தாகணும். பக்கத்துல பாத்தும் சரியாகலைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

ரெண்டுக்குப் போனதை எடுக்கறது. இதுல எனக்கு ரொம்பப் பிடிவாதம். நாம எடுக்கலைன்னா காலையில வர்ற தூய்மைப் பணியாளரம்மா எடுக்கணும். விளக்குமாத்துல தள்ளி, தகரத்துல வாரி, சில சமயம் கையுறையும் இல்லாம. அவங்க சம்பளம் நம்ம நாய்க்காக இல்ல. தப்பு மட்டுமில்ல, நோயும் இருக்கு. கொக்கிப்புழு முட்டை சூடும் ஈரமும் இருக்கற மண்ணுல ஒரு வாரத்துக்குள்ள பொரிஞ்சு, வெறுங்கால்ல நடக்கறவங்க தோல் வழியா உள்ள போகும். நாய் உருண்டைப்புழு முட்டை விழுந்த உடனே தொத்தாது, சில வாரம் மண்ணுல கிடந்து முதிர்ந்தப்புறம்தான் தொத்தும். அதனால அன்னைக்கே எடுத்துட்டா அந்தக் கண்ணி அறுந்துடும். குட்டிகளைக் காவு வாங்கற பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உசுரோட கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவுல இறக்க வேண்டாம்னு டாக்டருங்க சொல்றது அதுக்குத்தான்.

எதுல எடுக்கறது? 2019 ஜனவரி 1ல இருந்து நம்ம மாநிலத்துல ஒரு தடவை தூக்கிப் போடற பிளாஸ்டிக் பைக்குத் தடை. எனக்குப் பழைய பேப்பர் போதும். முழு ஷீட்டை நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்குவேன். நாய் சுத்தி முடிச்சு முதுகை வளைச்சதும், சத்தமில்லாம பின்னாடி ஒரு ஷீட்டை நீட்டிடலாம். பழகின நாய் கண்டுக்காது. தரையில ஒட்டாது, கழுவ வேண்டிய வேலையே இல்ல. நழுவிட்டா, ரெண்டாவது ஷீட்டை அட்டைத் துண்டோட சேத்து வழிச்சு எடுத்துக்கலாம். பேப்பர் பொட்டலத்தைக் கொண்டாந்து உள்ள இருக்கறதை மட்டும் வீட்டுக் கழிவறையில கொட்டித் தண்ணி ஊத்திடறேன், பேப்பர் குப்பைக்கு. சாக்கடையில தள்ளற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த ஊர்ச் சாக்கடை கடைசியில எங்க போகுதுன்னு சங்கனூர் பள்ளத்தையும் சிங்காநல்லூர் குளத்தையும் பாத்தவங்களுக்குத் தெரியும். தோட்டம் இருக்கற வீட்ல ரெண்டடி குழி வெட்டி, பொள்ளாச்சிப் பக்கத்து தேங்காய் நார்க் கழிவு போட்டு மூடிட்டு வரலாம். கிணத்துக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி இருக்கணும், அந்த உரத்தைக் கீரை காய்க்குப் போடக் கூடாது, பூச்செடிக்கோ மரத்துக்கோ போடலாம்.

அபார்ட்மென்ட் நண்பர்கள் ஒரு விஷயம் அடிக்கடி கேக்கறாங்க. சங்கத்துல நாயே கூடாதுன்னு தீர்மானம் போட்டா என்ன பண்றது? இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் நாய் வளக்கறதைத் தடுக்க முடியாது, லிப்ட்டுல ஏத்தக் கூடாதுன்னும் சொல்ல முடியாது. அதே வழிகாட்டுதல் பொது இடத்துல கயித்தோட கூட்டிட்டுப் போகவும், நாய் போனதைச் சுத்தம் பண்ணவும் நம்மகிட்டச் சொல்லுது. முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டறவங்களைப் பாத்திருக்கேன். ரெண்டையும் சேத்து ஒட்டுங்க, அதுக்கு மரியாதை கிடைக்கும்.

என்கிட்ட ஒரு யோசனை இருக்கு, எங்க லேஅவுட்ல இப்பப் பேசிட்டு இருக்கோம். எல்லா லேஅவுட்லயும் ஒரு ரிசர்வ் சைட் இருக்கும், பாதி இடத்துல புதர்தான். அதுல ஒரு மூலையை, அரை சென்ட் இருந்தாக்கூடப் போதும், இதுக்குன்னு கேக்கலாம். மண்ணைக் கொத்தி அரையடி ஆத்து மணலோ எம்-சாண்டோ கொட்டி, இடுப்பளவுக்கு வேலி. நடுவுல ஒரு பழைய வேப்பங்கட்டை நட்டுடணும். நாய்க்கு நேரா நிக்கற பொருள் வேணும். அங்க ஒரு கட்டை இருந்தா கேட்டைத் தேடாது, முதல் வாரத்துலயே ஒவ்வொண்ணும் வந்து அதுல பேர் எழுதிட்டுப் போயிடும். ஓரமா மூடி போட்ட தொட்டி, ஒரு பைப்பு. மேல் மணலை மாசத்துக்கு ஒரு தடவை வழிச்சு மாத்தணும், மழைக்காலத்துல அதுக்கும் சீக்கிரமா. நாய் வளக்கற வீடுங்க முறை போட்டுப் பண்ணினா ஆளுக்கு ஒரு ஞாயித்துக்கெழமைக் காலைதான். கவுன்சிலர்கிட்டப் போறப்ப நாய் வளக்கறவங்க மட்டும் போகாதீங்க; கோலம் போடறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. எங்க மனுவுல முதல் கையெழுத்து மூலை வீட்டக்காவோடதுதான்.